அ இல்லாத வீடு

அக்கா: ...ஐயோ! என்னடா இது, கால்ல இடிக்குது?

தம்பி: பாத்து வாக்கா! அது ட.

அக்கா: எது?

தம்பி: இப்ப நீ எட்டி உதைச்சியே, அது. நல்லவேளை, ரெண்டு பைப்பை மூலையில சேக்கற எல்போ கழண்டுக்கல.

அக்கா: என் கட்டைவிரல் கழண்டிருந்தா?

தம்பி: விரலை மாட்டிடலாம். எல்போவைத்தான் மறுபடி பசை போட்டு ஒட்டணும்.

மனைவி: நீங்க இப்படி சுத்தி வாங்க அண்ணி. சோபா மேல இருக்கறதைத் தள்ளிட்டு உக்காருங்க... இல்ல இல்ல, தள்ளாதீங்க! அது ம. மாவுல சுட்டது, உடைஞ்சிடும்.

அக்கா: வீடா இது? உக்கார்ற எடமெல்லாம் எழுத்தா இருக்கு.

தம்பி: மெதுவாப் பேசு. குழந்தை தூங்கிட்டாளா?

அக்கா: தூங்கிட்டா. என் மடியிலயே.

மனைவி: உங்க மடியிலயா? அண்ணி, அவ யார்கிட்டயும் அவ்வளவு சீக்கிரம்...

அக்கா: மூணு பேரை வளத்த மடி, சும்மாவா? சரி, காலைல ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, அது என்ன ஆச்சு? நான் வந்ததுலேர்ந்து ரெண்டு பேரும் வாயைத் தொறக்கல.

தம்பி: சேத்துக்கிட்டாங்க.

அக்கா: அடப்பாவி! இதை இப்பவா சொல்ற?

தம்பி: சொல்றதுக்கு நீ எங்க விட்ட? வாசல்ல செருப்பைக் கழட்டினதும் அவளை அள்ளிட்டு ரூமுக்குள்ள போனவதான். அவ இந்த வீட்டுக்கு வந்து அஞ்சு மாசம் ஆகுது, ஒரு தடவை எட்டிப் பாக்கல. இன்னிக்கு வந்து பெரிய பாசம்...

மனைவி: ஏங்க...

அக்கா: சொல்லட்டும்மா. எனக்கொண்ணும் சுடல. ஹோம்லேர்ந்து புள்ளையைத் தத்து எடுக்கறேன்னான், சந்தோஷம்னேன். நாலு வயசுப் புள்ளைன்னான். விவரம் தெரிஞ்ச புள்ளை ஒட்டாதுடான்னேன். மனசுல பட்டதைச் சொன்னேன்.

தம்பி: இப்ப பாத்தேல்ல? நான் ஒட்டற பைப்புகூட அப்படி ஒட்டாது.

அக்கா: பீத்திக்காத. ஆமா, இதெல்லாம் என்னடா? நாலு பைப்பை வளைச்சு நடு வீட்ல போட்டு வச்சிருக்க.

தம்பி: நாலு இல்லக்கா, ரெண்டு துண்டு, ஒரு எல்போ. ட முடிஞ்சுது. ப-வுக்கு மூணு துண்டு, ரெண்டு எல்போ. இந்த முனையில தண்ணி ஊத்து, அந்த முனையில வரும். தண்ணி எங்க நுழையுதோ அங்க பென்சிலை வைக்கணும். எங்க வெளிய வருதோ அங்க எடுத்துடணும். அவ்வளவுதான் எழுத்து.

மனைவி: ஞாயித்துக்கிழமைன்னா பக்கத்து வீட்டு வாண்டுங்களும் வந்துருங்க. ஆளுக்கொரு சொம்பு. ஊத்தறவங்க எழுத்தைச் சத்தமா சொல்லணும். சொல்லலேன்னா தண்ணி கிடையாது.

அக்கா: தரையெல்லாம் தண்ணி.

மனைவி: நான் துடைப்பேன். இவர் வேடிக்கை பாப்பார்.

தம்பி: மேற்பார்வைன்னு சொல்லு.

மனைவி: அதைவிடப் பெரிய கூத்து ட வாரம்தான் அண்ணி. ஒவ்வொரு வாரமும் ஒரு எழுத்து. அந்த எழுத்துல ஆரம்பிக்கறதெல்லாம் வீட்டுக்குள்ள தேடிக் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சா அது அவங்க சொத்து. டம்ளர், டப்பா, டவல்... ஒண்ணு விடாமக் கொண்டு போய்க் கட்டிலுக்கடியில அடுக்கிட்டா. ஒரு வாரம் நாங்க கிண்ணத்துல காபி குடிச்சோம். குளிச்சிட்டு இவர் டவல் கேட்டு உள்ளேர்ந்து கத்தறார்...

தம்பி: அதெல்லாம் எதுக்கு இப்ப?

மனைவி: 'ட சொன்னாத் தரேன்'னு கதவுக்கு வெளிய நின்னா. சொன்ன பிறகுதான் குடுத்தா!

அக்கா: நல்லா வேணும். ப வாரம்?

மனைவி: ஒரு பை குடுத்தோம். பந்து, பல்பு, பசை... கடைசியில என் கையைப் புடிச்சு பைக்குள்ள இழுக்கறா. என்னடின்னா, 'நீயும் ப-தானே'ங்கறா.

அக்கா: நீ எப்படி ப?

தம்பி: பன்னு. இவ பேக்கரியில வேலை பாக்கறால்ல, வந்த அன்னிக்கு ஒரு பன்னு குடுத்தா. அதுலேர்ந்து இவ பேரு பன்னு. நான் பைப்பு.

அக்கா: பைப்பும் பன்னுமா! ஜோடிப் பொருத்தம்தான்... ஆமா, வேற எப்படியும் கூப்பிட மாட்டாளா?

மனைவி: ம வேணுமா அண்ணி? சாப்பிடலாம், தப்பில்ல. சர்க்கரை போட்டதுதான்.

அக்கா: நான் என்ன கேக்கறேன், நீ என்ன குடுக்கற...

தம்பி: நெளிஞ்சு வளைஞ்ச எழுத்தெல்லாம் இவ டிபார்ட்மெண்ட். பைப்பு அவ்வளவு வளையாது. மாவை உருட்டி, வளைச்சு, அடுப்புல வச்சு எடுத்தா இ வந்துரும். ஃ வாரத்துல மூணு குட்டி பன்னு சுட்டா. தட்டுல வச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள ரெண்டு புள்ளிதான் இருக்கு.

மனைவி: வாயில மாவை வச்சுக்கிட்டு, 'ஃ இப்படித்தான் இருந்துச்சு'ன்னு சாதிக்கிறா!

அக்கா: ஏம்மா, கடையில எழுத்துப் படம் விக்குது. ஒண்ணு வாங்கி சுவத்துல மாட்டிட்டுப் போகாம, இவ்வளவு பாடா?

தம்பி: மாட்டினோம்க்கா.

அக்கா: எங்க? காணோமே?

தம்பி: மாட்டின அன்னிக்கே கழட்டிட்டோம்.

அக்கா: ஏன்?

மனைவி: அதைப் பாத்ததும் மேஜைக்கு அடியில போயிட்டா. பென்சிலைக் காட்டினா கை ரெண்டும் முதுகுக்குப் பின்னாடி போயிடும். ஏன்னு அவளுக்குச் சொல்லத் தெரியல. நாங்களும் தோண்டித் துருவிக் கேக்கல. சாப்பாட்டையும் மேஜைக்கு அடியிலயே குடுத்தேன். நானும் கீழயே உக்காந்து சாப்பிட்டேன்.

அக்கா: இதையெல்லாம் போன்ல நீங்க சொல்லவே இல்லையே...

தம்பி: சொன்னா நீ, 'நான் அப்பவே சொன்னேன்'னு ஆரம்பிச்சிருப்ப.

அக்கா: ...சரி. அப்புறம்?

தம்பி: ஒரு நாள் சமையல்கட்டு சிங்க் ஒழுகுச்சு. சிரிக்காத, ஊருக்கெல்லாம் ஒழுகலை அடைக்கிறவன் வீடு ஒழுகத்தான் செய்யும். மல்லாந்து படுத்து, தலையை உள்ள விட்டு வேலை பாத்துட்டிருக்கேன். டார்ச்சைக் கீழதான் வச்சேன், வெளிச்சம் மட்டும் ஆடுது. யார்றான்னு பாத்தா, நம்ம வாண்டு. சிங்குக்கு அடியில என் பக்கத்துல வந்து படுத்துக்கிட்டு டார்ச்சைப் புடிச்சிருக்கா. நான் எங்க கையை வைக்கிறேனோ அங்க அடிக்கிறா வெளிச்சத்தை! என் கடையில சம்பளம் வாங்கறவனுக்கே அந்தப் பக்குவம் கிடையாதுக்கா.

மனைவி: நான் வாசப்படியில நிக்கறேன். மூச்சு விடல.

தம்பி: சும்மா இருக்கட்டும்னு ஒரு எல்போவும் ரெண்டு துண்டும் கையில குடுத்தேன். மாட்டினா. மாட்டிட்டு, 'இது என்ன'ன்னா. அவ இந்த வீட்ல கேட்ட முதல் கேள்வி. நான் பைப்புன்னு சொல்லியிருக்கணும். வாயில 'ட'ன்னு வந்துருச்சு.

அக்கா: அதுக்கு அவ?

தம்பி: 'ட'ன்னா அவளும். சிங்குக்குள்ள எதிரொலிச்சுதா, அதுல ஒரு சிரிப்பு. மறுபடி 'ட'. அன்னிக்கு ராத்திரி அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்கினா.

அக்கா: அந்த ட-வைத்தான் நான் உதைச்சேனா?

தம்பி: அதேதான்.

அக்கா: முன்னாடியே சொல்றதுக்கென்ன... ரூம்ல கொண்டு போய் வைடா. நடு வழியில போட்டு வச்சிருக்கான், கால்படற எடத்துல.

மனைவி: வைக்க விட மாட்டா அண்ணி. வீட்டுக்கு வர்றவங்க பாக்கணுமாம்.

அக்கா: சரி, ஸ்கூல்ல என்ன ஆச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல.

மனைவி: டீச்சர் நல்ல மாதிரி. கீழ அவகூட உக்காந்துக்கிட்டாங்க. அட்டைல எழுத்தைக் காட்டக் காட்ட, நம்மாளு சொல்லிட்டே வர்றா. க, ட, ப, ம, ர... ஒண்ணுகூடத் தப்பல. இவர் ஜன்னலைப் பாத்துத் திரும்பி நின்னுட்டார்.

தம்பி: கண்ணுல தூசி.

மனைவி: ரெண்டு கண்ணுலயும். அப்புறம் பென்சிலைக் குடுத்தாங்க அண்ணி. கை பின்னாடி போகப்போகுதுன்னு பாக்கறேன்... போகல. வாங்கிட்டா. வாங்கிக் காகிதத்துல வச்சுட்டு, 'ஸ்ஸ்ஸ்...'ங்கறா. டீச்சருக்குப் புரியல. 'என்னம்மா பண்ற'ன்னாங்க. 'வால்வைத் தொறக்கறேன். தண்ணி வரணும்ல?'ங்கறா!

அக்கா: என் கண்ணு!

தம்பி: ட போட்டா. ப போட்டா. பக்கத்துல எவனோ ஒரு பொடியன் அழுதுட்டிருந்தான், அவன் கையைப் புடிச்சு, 'நீயும் தொற'ன்னா. டீச்சர் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, அடுத்த மாசத்துலேர்ந்து அனுப்புங்கன்னுட்டாங்க.

அக்கா: இவ்வளவு நல்ல சேதியை வச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் ஏண்டா கப்பல் கவுந்த மாதிரி இருக்கீங்க?

தம்பி: யாரு? நாங்களா? வெயில்...

அக்கா: டேய், உன்னை இடுப்புல தூக்கி வளத்தவ நான்.

தம்பி: ஒண்ணுமில்லக்கா...

மனைவி: கிளம்பறப்போ சுவத்துல ஒரு படம் இருந்துச்சு அண்ணி. முதல் எழுத்துலேர்ந்து வரிசையா. டீச்சர் சும்மா கேட்டாங்க, 'இது என்ன சொல்லு'ன்னு. அ. 'தெரியாது'ன்னா. 'அ தெரியாதா? எல்லாரும் அதுலேர்ந்துதானே ஆரம்பிப்பாங்க?' அதுக்கு வாண்டு, 'எங்க வீட்ல அது இல்ல'ன்னுட்டா.

அக்கா: அதெப்படி இல்லாம இருக்கும்? ட, ப, இ, ஃ... அடுப்பு ஏறி வந்திருக்கு ஃ. அ எங்க?

தம்பி: பைப்புல வராதுக்கா. அவ்வளவு வளைவுக்கு...

அக்கா: மாவுல?

மனைவி: மாவுல... சுட்டா உப்பி... சுழி மூடிக்கும்...

அக்கா: இ-க்கு மூடிக்காத சுழி அ-வுக்கு மட்டும் மூடிக்குமா? யார் காதுல பூ சுத்தறீங்க?

தம்பி: காபி போடட்டுமாக்கா?

அக்கா: ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்காதீங்க. சொல்லுங்க.

மனைவி: எந்தப் படத்தை எடுத்தாலும் அ-வுக்குப் பக்கத்துல ஒரு அம்மா நிக்கறா அண்ணி. இல்லேன்னா அப்பா. நான் அதை விரல் வச்சுக் காட்டி, 'சொல்லு, அம்மா'ன்னு சொல்லணும். அவளும் சொல்லுவா, டம்ளர் சொன்ன மாதிரி. ஆனா அவளுக்குன்னு பெத்தவ ஒருத்தி இருந்தா. அந்த வார்த்தை அவளோடது. அதைப் பாடம்னு சொல்லி நான் ஏமாத்திக் கேட்டு வாங்கக் கூடாது.

தம்பி: அவளாக் குடுத்தாக் குடுக்கட்டும். இல்லேன்னா பைப்பு போதும். பைப்புன்னு அவ கூப்பிடறப்போ தெரு முனையிலேர்ந்து ஓடி வருவேன் நான். நிசமா சொல்றேன்க்கா, எனக்குக் குறையே இல்ல.

அக்கா: அதான் ஜன்னலைப் பாத்துத் திரும்பி நின்னியா?

தம்பி: தூசின்னு சொன்னேன்ல.

அக்கா: ...உங்க ரெண்டு பேருக்கும் அறிவு இருக்கா, இல்லையான்னு தெரியல. ஆனா உன்னை நான் சரியாத்தான் வளத்திருக்கேன்டா.

தம்பி: திட்டறியா, பாராட்டறியா?

அக்கா: ரெண்டும்தான். சரி, அ-ன்னா அம்மாவும் அப்பாவும் மட்டும்தானா? என்னைப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுது? நான் அவளுக்கு யாரு?

மனைவி: நீங்க... அத்தை... ஐயோ, ஆமா! அத்தை!

அக்கா: ஆங்! அ-ன்னா அத்தை. முழுசா, குண்டா, உயிரோட உக்காந்திருக்கேன். அஞ்சு மாசமா கண்ணுக்குத் தெரியலியா?

தம்பி: நீ வந்தாத்தானே தெரியறதுக்கு!

அக்கா: வந்துட்டேன்ல? என்னை வச்சு ஆரம்பிங்க.

மனைவி: வேணாம் அண்ணி. ஆரம்பிச்சா அடுத்து அது வரும்... 'அ-ல வேற என்ன இருக்கு'ன்னு அவ தேடுவா. தேடாம விட மாட்டா. நாங்க தயாரா இல்ல.

அக்கா: ஆரம்பிச்சாச்சு.

தம்பி: என்னது?

அக்கா: உள்ள மடியில போட்டுத் தட்டறப்போ, 'நீ யாரு'ன்னு கேட்டா. 'அத்தை'ன்னேன். 'அது எந்த எழுத்து'ன்னா. உள்ளங்கையில விரலால எழுதிக் காட்டினேன். எனக்கென்ன தெரியும், இங்க அதுக்குத் தடைன்னு?

மனைவி: ஐயோ அண்ணி... என்ன சொன்னா? அழுதாளா?

அக்கா: அழல.

தம்பி: பின்ன என்னதான் சொன்னா? முழுங்காம சொல்லுக்கா.

அக்கா: சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்கா.

தம்பி: உன் வாயில எந்த ரகசியம் தங்கியிருக்கு? பக்கத்து ஊர் வரைக்கும் கேக்கும்.

மனைவி: அண்ணி... தயவு செஞ்சு.

அக்கா: ...தங்கல. அதான் எழுந்து வந்தேன். உள்ளங்கையை ரெண்டு தடவை மூடித் தொறந்து பாத்தா. அப்புறம் என் காதுகிட்ட வந்து, 'அத்தை, எனக்கு அ-ல ரெண்டு பேரைத் தெரியும். ஆனா அவங்களுக்கு அந்த எழுத்துப் பிடிக்காது, வீட்ல வைக்கவே மாட்டாங்க. அதனால தினமும் தூங்கறப்போ போர்வைக்குள்ள, அவங்களுக்குக் கேக்காம, அம்மா, அப்பான்னு கூப்பிட்டுக்குவேன்'னா.