பிங்கி படுத்த இடம்

களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும். கவிப்பிரியாவுக்கு அது தெரியவில்லை. மாட்டு மருந்து ஆய்வுக்காக எங்கள் ஊருக்கு வந்த தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். முதல் தடவை எங்கள் வீட்டில் சாப்பிட்டபோது ஒவ்வொரு கவளத்தையும் மென்று மென்று கண் கலங்கிவிட்டாள்.

"முழுங்கு கண்ணு, அது பாட்டுக்குப் போவும்" என்றேன்.

"தொண்டைல நின்னுடுச்சுன்னா நீங்கதாம்மா பொறுப்பு" என்றாள்.

அம்மா என்று கூப்பிட்டாள். என் மகள் ஆக்சிலியா தொப்பூர் இறக்கத்தில் லாரிக்கு அடியில் போன பிறகு அந்தச் சொல் எங்கள் வீட்டில் கேட்டதில்லை. கணவர் அதற்கு முன்பே போய்விட்டார்.

பேராசிரியர் ஐயா, நீங்கள் நேரில் வந்து விசாரித்தபோது நான் வாய் திறக்கவில்லை. ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறவள் நான். எழுத்து கொஞ்சம் வரும், பேச்சு வராது. எங்கள் மாடு பிங்கியின் மடியில் சாணிக்கிருமி போனதற்குக் கவிப்பிரியா சுத்தமில்லாமல் மருந்து ஏற்றியதுதான் காரணம் என்று அவளை ஆய்விலிருந்து எடுத்துவிட்டீர்களாம். அது சரியில்லை. அவள் கையில் குறை கிடையாது.

பிங்கி ஆக்சிலியா வளர்த்த கன்று. பெயரும் அவள் வைத்ததுதான். கன்று போட்ட பிறகு அதற்கு மடிநோய் வந்தது. மருந்து போட்டால் தணியும், மறுபடி வரும். உங்கள் புது மருந்துக்கு நோய்மாடு தேடிக்கொண்டு கவிப்பிரியா வந்தது அப்போதுதான். ஆய்வகத்தில் திருத்திச் செய்த நொதி என்றாள். எனக்குப் புரியும்படியும் சொன்னாள்.

"இப்ப மடிக்குள்ள இருக்கிற கிருமியோட சுவரை மட்டும் இது அறுத்துடும்மா. வேற கிருமியத் தொடாது. சாணியில இருக்கிறது வேற வகை, அதுக்கு இது கேக்காது. அதனால கறந்த உடனே மாட்டைப் படுக்க விடாதீங்க. காம்புத் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும். தீவனம் போட்டு நிக்க வைங்க."

நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

மருந்து வேலை செய்தது. பாலில் திரிதிரியாக வந்தது நின்றது, மடியின் சூடு இறங்கியது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பால் எடுத்துப் பார்ப்பாள். கை கழுவி ஆக்சிலியாவின் துண்டில் துடைப்பாள். தலைவலித்தால் ஆக்சிலியாவின் கட்டிலில் சற்று நேரம் படுப்பாள்.

பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் வேலிக்கு அந்தப்புறம் நின்று சிரிப்பாள். "என்னக்கா, மாட்டு டாக்டரு வந்தாலே வூட்டுல கறிக்கொழம்பு மணக்குது? எங்க எருமைக்கு மடி வீங்குனா எனக்கும் ஊத்துவீங்களா?" ஒருநாள் அவளே சொன்னாள்: "ஆக்கிப் போடுங்க, போடுங்க. மாடு நல்லாயிட்டா அந்தப் பொண்ணு எதுக்கு இந்தப் பக்கம் வரப்போவுது?"

விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அன்று மாலை கறந்தபின் நான் தீவனம் போடவில்லை. அவ்வளவுதான். மாடு தானாகப் படுத்தது. அடியில் கிடந்த சாணத்தை அள்ளாமல் விட்டிருந்தேன். வாயில்லாத ஜீவன், ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை வந்த கவிப்பிரியா பாலைப் பார்த்துவிட்டுக் குதிக்காத குறையாகச் சிரித்தாள். இன்னும் ஒரு தடவை வந்தால் போதும் என்றாள். "அப்புறம் போன்ல பேசிக்கலாம்மா."

அவள் போன பிறகு பிங்கியைக் கறந்தேன். பிறகு சாணத்தை நீரில் கரைத்து, விரலால் தொட்டு, அவள் மருந்து ஏற்றிய காம்பின் துளையில் வைத்து அழுத்தினேன். மற்ற மூன்று காம்புகளையும் நான் தொடவில்லை. பிங்கி உதைக்கவில்லை. என் கை அதற்குப் பழக்கம்.

மாட்டுக்குக் கொஞ்சம் காய்ச்சல் வரும், அவள் இன்னும் நாலைந்து தடவை வருவாள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் மடி நீலம் பாய்ந்து சில்லிட்டுப்போயிற்று. பாலுக்குப் பதில் தண்ணீர் வந்தது. செய்தி கேட்டு ஓடி வந்தவள் எங்கள் வீட்டிலேயே தங்கி, குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டகையிலேயே நின்றாள். நான் ஊட்டிவிட்டதைத்தான் சாப்பிட்டாள். அப்போதும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பாளோ என்னவோ.

பிங்கி ஒரு மத்தியானம் செத்தது. கவிப்பிரியா என் தோளில் விழுந்து அழுதாள். "நான் எங்கம்மா தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல கண்ணு" என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

ஆக்சிலியாவை எனக்குத் துணியில் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. இப்போது ஒரு பெண்ணின் தலை முழுக் கனத்தோடு என் தோளில் கிடந்தது. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். உங்களிடம் மறைப்பதற்கில்லை, ஐயா. அந்த மத்தியானம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

உங்கள் மருந்து நல்ல மருந்து. அவள் பெயரை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என்னைப் போலீசில் கொடுப்பதானாலும் சரி. ஆனால் அதற்கு முன் இதை அவள் படிக்க வேண்டும். ஊருக்குப் போனவள் என் போனை எடுப்பதில்லை. படித்தால் கோபம் வரும். நேரில் வந்து நாலு வார்த்தை கேட்காமல் அவளால் இருக்க முடியாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டட்டும். எந்த பஸ்ஸில் வருகிறாள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்.