மாலைப் படம் வைத்த இடம்

பெயர்: விநாயகமூர்த்தி த/பெ சிவசம்பு. வயது: 64. தொழில்: ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். முகவரி: ஜாலான் ஸ்காட், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர். நாள்: 17 செப்டம்பர் 1999. தமிழில் சொன்னதை இன்ஸ்பெக்டர் இராதாகிருஷ்ணன் தமிழிலேயே எழுதிக்கொண்டார்.

நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். மோசடி செய்ததாகப் புகார் செய்யப்பட்டுள்ள புனிதவதி என் வீட்டு மாடியில் மூன்று வருடமாக வாடகைக்கு இருப்பவர். அங்கிருந்தபடியே தமிழர்களின் மரண அறிவிப்புகளை வெளியிடும் இணையப் பக்கமொன்றை நடத்துகிறார். இறந்தவரின் படம், பெயர், அடக்கம் அல்லது தகனம் நடக்கும் இடம் ஆகியவை அதில் வரும். துக்க வீட்டாரிடம் அவர் கட்டணம் வாங்குவதில்லை. விளம்பரங்கள்தான் வருமானம். அறிவிப்புகளில் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுப்பது நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

புகார்தாரர் ஜெயராஜ் கிள்ளானில் பூக்கடை வைத்திருப்பவர். அவருடைய விளம்பரம் ஒரு ரோஜா மாலையின் படம். கடையின் பெயர் ஓரத்தில் சிறிதாக இருக்கும். படத்தை அழுத்தினால், புனிதவதியே அமைத்துக் கொடுத்த கடையின் பக்கம் திறக்கும். ஒவ்வோர் அழுத்தலுக்கும் இவ்வளவு காசு என்று பேச்சு. புனிதவதி தாமே உட்கார்ந்து அழுத்தி எண்ணிக்கையை ஏற்றினார் என்பது புகார். இது பற்றி நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

விளம்பரத்தை எங்கே வைத்தால் எவ்வளவு வரும் என்பதை வாய்க்கு வந்தபடி சொல்லப் புனிதவதிக்கு மனமில்லை. ஆகவே அவர் மாலைப் படத்தை ஒரு வாரம் பக்கத்தின் உச்சியிலும் மறுவாரம் இறந்தவரின் படத்துக்கு நேர் கீழேயும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அதன் பிறகு அழுத்தல்களை மட்டும் எண்ணாமல், பார்க்க வந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிட்டார். இதை விளக்கும்படி இன்ஸ்பெக்டர் கேட்டார். இருபது பேர் உள்ள வகுப்பில் பத்துப் பேர் தேறுவதும், ஐம்பது பேர் உள்ள வகுப்பில் பத்துப் பேர் தேறுவதும் ஒன்றல்ல. சாவு அதிகமான வாரத்தில் பக்கத்துக்கு வருபவர்களும் அதிகம் என்பதால் அதைக் கழித்துப் பார்த்தால்தான் இடத்தின் பலன் தெரியும் என்று சொன்னேன்.

உச்சியில் இருந்த வாரங்களில் நூறு பேருக்கு இரண்டு மூன்று அழுத்தல்கள் வந்தன. படத்துக்குக் கீழே வைத்த வாரங்களில் நூறு பேருக்கு நூற்றைம்பதைத் தாண்டியது. ஜெயராஜ் கேட்டால் சந்தோஷப்படுவார் என்று நான் சொன்னேன். அதற்குப் புனிதவதி, "சார், வந்த ஆளவிட அழுத்துனது அதிகமா இருக்கு. ஒரு ஆளு எதுக்கு ரெண்டு வாட்டி பூக்கடைக்குப் போறாரு? இது நல்ல நம்பர் இல்ல" என்றார். தம் பைக்கு வரப்போகும் வருமானத்தை அப்படிச் சந்தேகித்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதன் பிறகு தம் கணினியிலிருந்து போகும் அழுத்தல்கள் எண்ணிக்கையில் சேராதபடி அவர் மாற்றியமைத்தார். அப்படியும் எண்ணிக்கை இறங்கவில்லை. பண்டமாரானைச் சேர்ந்த காலஞ்சென்ற இராஜம்மாவின் அறிவிப்பில்தான் அழுத்தல்கள் மிக அதிகம் என்று கண்டு, அவருடைய மகன் சின்னையாவிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டார். அவர் கருமாதிக்கு வரச் சொன்னார். என் காரில் இருவரும் போனோம்.

அந்த வீட்டுக் கூடத்தில், பேரப்பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய கணினியில் எங்கள் பக்கம் திறந்திருந்தது. திரையில் இராஜம்மாவின் முகம், அதன் கீழே ஜெயராஜின் மாலை. சாப்பிட்டு முடித்தவர்கள் கை கழுவிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒரு பெரியவர் சட்டையில் கையைத் துடைத்துவிட்டு மாலையின் மேல் அழுத்தினார். பூக்கடையின் பக்கம் திறந்தது. "தம்பி, பூ போட்டா கடை வருது லா" என்றார். அதற்குச் சின்னையா, "பின்ன, பூ கடையிலதானே வாங்கணும்? மூடிட்டு தள்ளுங்க, சித்தி நிக்குறாங்க" என்றார். சித்தி என்று அவர் சொன்ன பெண்மணி மூன்று முறை அழுத்தினார். எதற்கு மூன்று என்று ஒருவர் கேட்டபோது, "எனக்கு ஒண்ணு, லண்டன்ல இருக்குற பெரியவனுக்கு ஒண்ணு, வர மாட்டேன்னு வீம்பு பண்ணிக்கிட்டு இருக்கானே சின்னவன், அவனுக்கு ஒண்ணு" என்றார்.

புனிதவதிக்கும் இடம் விட்டார்கள். அவர் அது விளம்பரம் என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை. திரையின் முன் கைகூப்பிவிட்டு, எதையும் தொடாமல் விலகி நின்றார்.

திரும்பும் வழியில் ஷா ஆலம் தாண்டும்போது அவர், "உச்சியில வெச்சா அது கடை. காலடியில வெச்சா அது பூ. இடத்தோட கணக்கு இவ்வளவுதான் சார்" என்றார். வீடு வந்ததும், அழுத்தியவர்களில் கடைப் பக்கத்தைத் தாண்டி விலைப்பட்டியல் வரை போனவர்கள் எத்தனை பேர் என்று தனியே எடுத்தார். வந்தவர்களில் நூற்றுக்கு என்று பார்த்தால், உச்சியிலும் கீழேயும் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே படத்துக்குக் கீழே கிடைத்த அழுத்தல்களில் பெரும்பகுதி வியாபாரம் அல்ல என்று முடிவு செய்தார்.

மறுநாள் காலை என் முன்னிலையில் ஜெயராஜைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததைச் சொல்லி, கீழே வைத்த வாரங்களுக்கு எதுவும் தர வேண்டாம் என்றார். வாராந்திர எண்ணிக்கை ஜெயராஜுக்கும் தானாகவே போய்விடுவதால் அவர் ஏற்கனவே கோபத்தில் இருந்தார். தொலைபேசிக்கு வெளியே கேட்கும் குரலில், "ஏன் தங்கச்சி, செத்தவங்களுக்குக் கம்ப்யூட்டர்ல பூ போடுறாங்கன்னு கதை சொல்றியா? மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் காசு வேணாங்கிற" என்றார். புகார் அன்று மாலை செய்யப்பட்டதாக அறிகிறேன். ஜெயராஜ் மீது எனக்கு வருத்தமில்லை. அவர் பண்டமாரானுக்கு வந்து பார்த்தவரல்ல. காசு வேண்டாம் என்று ஒரு வியாபாரி சொன்னால் நானும் முதலில் சந்தேகப்பட்டிருப்பேன்.

புகார் பற்றித் தெரிவதற்கு முன்பே, தொலைபேசியை வைத்த கையோடு, புனிதவதி அந்த விளம்பரத்தை உச்சிக்கு மாற்றிவிட்டார். படத்துக்குக் கீழே தாமே வரைந்த மாலையொன்றை வைத்தார். அதை அழுத்தினால் எந்தக் கடையும் திறப்பதில்லை. ஒரு பூ கூடும், அவ்வளவுதான்.

புகாருக்குப் பிறகு மற்ற விளம்பரதாரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். இரண்டு மாத வாடகை வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. சென்ற வாரம் மேசை நாற்காலி விற்கும் தளவாடக் கடைக்காரர் ஒருவர் நேரில் வந்து, படத்துக்குக் கீழே உள்ள இடத்தை ஒரு வருடத்துக்கு மொத்தமாக எடுத்துக்கொள்வதாகவும் தொகையைப் புனிதவதியே சொல்லலாம் என்றும் கூறினார். நான் அருகில் இருந்தேன். புனிதவதி அவருக்குத் தேநீர் கொடுத்து, "வேற எந்த இடம் வேணும்னாலும் எடுத்துக்குங்க அங்கிள். அங்க ஆளு இருக்காங்க" என்றார்.

இதில் உள்ளவை நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதுமே. எவருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொன்னேன். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. நீதிமன்றம் அழைத்தால் அங்கும் இதையே சொல்வேன்.

(ஒப்பம்)
சி. விநாயகமூர்த்தி