ஆயிரம் குண்டுத் துப்பாக்கி

உங்கள் கையில் இருக்கும் சோதனைப் படிவங்களில் என் கையெழுத்து கோழி கிண்டியது போலத்தான் இருக்கும். அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றாமல் எழுதியது. பொறுத்துக்கொள்ளுங்கள், விசாரணை அதிகாரி அவர்களே.

வோல்கா கரைச் சோதனைத் திடலில், போர் விமானத்தில் பொருத்த வந்த இரண்டு கனரக இயந்திரத் துப்பாக்கிகளில் எது மேல் என்று சொல்வது என் வேலை. ஒன்று நிமிடத்துக்கு எண்ணூறு குண்டு சுடும். கனம் அதிகம், ஆனால் சிக்கி நிற்காது. மற்றது ஆயிரம் சுடும், இலேசானது. முதல் நாளே அந்த ஆயிரத்தின் மேல் எனக்கு மனம் போய்விட்டது. எந்த ஜெர்மன் விமானமும் அதனிடம் தப்பாது என்று மனதார நம்பினேன். என்ன, ஐயாயிரம் மீட்டர் உயரத்துக் குளிரில் அடிக்கடி சிக்கிக்கொண்டது.

மேலே போய்ச் சுட்டுவிட்டு இறங்குபவன் சொல்வதைப் படிவத்தில் எழுத வேண்டும். துப்பாக்கி நின்றதற்குக் காரணம் எழுத மூன்று கட்டங்கள்: துப்பாக்கி, தோட்டா, ஆள். முதல் கட்டத்தில் ஐந்து விழுந்தால் துப்பாக்கியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் நான் ஆள் கட்டத்தில் எழுதினேன்.

சுட்டவன் சஹார் லூகிச், நல்ல வேலைக்காரன். ஏழாவது முறை நின்ற அன்று இறங்கி வந்து, உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். இரும்பில் ஒட்டித் தோல் உரிந்திருந்தது.

“வெனியமின் பாவ்லிச், நிக்கிறது துப்பாக்கிங்க, நான் இல்ல. வெறுங்கையால இழுத்துக்கூடப் பாத்துட்டேன். கெஞ்சிக் கேக்குறேன், மொத கட்டத்துல போடுங்க. வீட்ல ரெண்டு பொண்ணுங்க இருக்கு எனக்கு.”

“பொண்ணுங்க கதைய அப்புறம் பேசலாம், சஹார்,” என்றேன். “கைக்கு மருந்து போட்டுட்டு வா.”

ஒரே ஆள் பெயரில் ஏழு விழுந்தால் அது நாசவேலைக் குற்றம். அது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை அவனை அழைத்துப் போனார்கள், சனிக்கிழமை சுட்டுவிட்டார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அன்று கஞ்சி இறங்கவில்லை.

அடுத்து வந்த திமோஃபெய்க்கும் அதே கதி. மூன்றாமவன் க்ளிம் கெட்டிக்காரன்.

“நின்னுச்சா?” என்று கேட்பேன்.

“எங்கங்க நின்னுச்சு? வெண்ணெய் மாதிரில்ல போகுது,” என்பான், கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபடி. துப்பாக்கி நின்று சுடாமல் மிஞ்சிய தோட்டாக்களை மேலிருந்தே வீசிவிட்டு வருகிறான் என்று தெரியும். நான் கேட்கவில்லை. மூன்று கட்டங்களும் காலியாகவே இருந்தன, துப்பாக்கி தேறிவிட்டது.

அந்தத் துப்பாக்கியோடு போர்முனைக்குப் போன நாற்பது விமானங்களில் ஒன்பதுதான் திரும்பின என்கிறீர்கள். சஹாரையும் திமோஃபெயையும் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையொப்பம் இடுகிறேன். ஆனால் துப்பாக்கியின் மேல் பழி போடாதீர்கள். திரும்பி வந்த அந்த ஒன்பது பேரைக் கூப்பிட்டு, யார் கையில் நின்றது என்று விசாரித்து, ஆள் கட்டத்தில் எழுதுங்கள்.