புது விண்டோஸ் போடுறதுக்கு முன்னால

காதர்: ...அதைத்தாண்ணே சொல்றேன். ஒம்பது வருஷத்து லேப்டாப்பு. இதுல விண்டோஸ் பதினொண்ணு ஏறாது. பழைய விண்டோஸே இருந்துட்டுப் போகட்டும்.

நாகலிங்கம்: நேத்து கொடுக்கும்போது பார்த்துச் சொல்றேன்னியே பாய். ஒரு நாள் பூரா கடையில வச்சிருந்து, இதைத்தான் கண்டுபிடிச்சியா?

காதர்: பார்த்துட்டுத்தான் சொல்றேன். கம்பெனிக்காரனே வேணாங்கிறான். குறுக்கு வழியில ஏத்தலாம். ஏத்தினா, ஆன் பண்ணிட்டு ஷாதிபூர்லேர்ந்து சாத்தம் வரைக்கும் நடந்து போய்ட்டு வாங்க, அப்பத்தான் திரையில வெளிச்சமே வரும்.

நாகலிங்கம்: நடக்குறேன். டாக்டரும் நடக்கத்தான் சொல்றாரு. நீ ஏத்து.

காதர்: ரெண்டு வருஷமா நான் கெஞ்சினேன். "போட்டுக்கு ஆள் பேர் எழுதுற மிஷின், அப்டேட் பண்ணி வைங்கண்ணே"ன்னு. "சோடோ யார், விடுப்பா, ஓடுற வரைக்கும் ஓடட்டும்"னீங்க. இப்ப என்ன திடீர்னு?

நாகலிங்கம்: இப்பத்தான் புத்தி வந்துச்சுன்னு வச்சுக்கோயேன். பழசுக்குப் பாதுகாப்பை நிறுத்திட்டானாமே. வைரஸ் கிரஸ் வந்துச்சுன்னா...

காதர்: இந்தத் தீவுல வாரத்துல நாலு நாள் நெட்டே வர்றதில்ல. வைரஸ் எப்படி வரும், நீந்தியா?

நாகலிங்கம்: உனக்கு எப்பவும் நக்கல்தான்.

காதர்: சரி, நக்கலை விடுங்க. ஃபைலையெல்லாம் அப்படியே வச்சுக்கிட்டு ஏத்தவா? இல்ல, மொத்தமாத் துடைச்சுட்டு ஏத்தவா?

நாகலிங்கம்: துடைச்சுடு.

காதர்: பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து...

நாகலிங்கம்: வேணாம்.

காதர்: உங்க பொண்ணு சௌமியா கல்யாணப் போட்டோ எல்லாம் இதுலதானே இருக்கு?

நாகலிங்கம்: வீட்ல ஆல்பம் இருக்கு.

காதர்: போட்ல போனவங்க லிஸ்டெல்லாம்?

நாகலிங்கம்: அது... எதுக்கு இனிமே? போட்டே இல்ல.

காதர்: முழுகி அஞ்சு வாரந்தானே ஆச்சு. விசாரணை வேற நடக்குது...

நாகலிங்கம்: திங்கக்கிழமை கூப்பிட்டிருக்காங்க. லேப்டாப்பையும் எடுத்துட்டு வரணுமாம்.

காதர்: ஓ.

நாகலிங்கம்: என்ன ஓ?

காதர்: ஒண்ணுமில்ல. திங்கக்கிழமை கேக்குறாங்க. வியாழக்கிழமை நாம துடைக்கிறோம்.

நாகலிங்கம்: புது விண்டோஸ் போட்டேன், எல்லாம் போயிடுச்சுன்னா யாரு என்ன சொல்ல முடியும்? எல்லார் வீட்லயும் நடக்குறதுதானே! உன்னைக் கேட்டா நீயும் அதையே சொல்லு.

காதர்: போட் முதலாளி சொல்லி அனுப்பினாரா?

நாகலிங்கம்: யோகராஜ் என்ன சொன்னா உனக்கென்ன? வேலையைப் பாரு பாய்.

காதர்: பார்க்குறேன். இதோ, விண்டோஸ் பென் டிரைவைச் சொருகிட்டேன். கொஞ்ச நேரம் ஆகும், உக்காருங்க. டீ சொல்லவா?

நாகலிங்கம்: ஒண்ணும் வேணாம்... தங்கச்சி எப்படி இருக்கு?

காதர்: அஸ்மாவா? அஞ்சு வாரமா எத்தனை சென்னைக் கப்பல் வந்துச்சோ, அத்தனைக்கும் கப்பல் துறையில போய் நின்னா. கடைசி ஆள் இறங்குற வரைக்கும். "என் வீட்டுக்காரர் மெயின்லேண்ட் போயிருக்காரு, திரும்பி வருவாரு"ன்னு. நீங்கதானே சொன்னீங்க, சமது கப்பல் ஏறினதைக் கண்ணால பார்த்தேன்னு?

நாகலிங்கம்: ஆமா... பார்த்த மாதிரிதான்...

காதர்: மாதிரியா? எங்க வாப்பா முன்னால சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னீங்களேண்ணே!

நாகலிங்கம்: கூட்டத்துல யாரு யாருன்னு... அவனாத்தான் இருக்கும்.

காதர்: கப்பல் லிஸ்ட்ல அவன் பேரே இல்ல.

நாகலிங்கம்: வேற எவன் டிக்கெட்லயாவது ஏறியிருப்பான். நம்ம ஊர்ல நடக்காததா?

காதர்: அன்னிக்கு டைல்ஸ் ஒட்டுற கரண்டி, மட்டப்பலகை எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிருக்கான். பொண்டாட்டியை விட்டு ஓடுறவன் கரண்டியை எதுக்குண்ணே தூக்கிட்டு ஓடுறான்?

நாகலிங்கம்: எனக்கென்ன தெரியும்? அவன் குடும்பக் கதை.

காதர்: அது எங்க குடும்பம்ணே.

நாகலிங்கம்: நான் அப்படிச் சொல்லல பாய்... ஏன் இந்த மிஷின் இப்படி இரையுது?

காதர்: வயசாயிடுச்சு, இரையத்தான் செய்யும். இன்னொண்ணு எனக்குப் புரியலண்ணே. உங்க போட்டுக்கு லைசென்ஸ் ஆறு பேருக்கு. கரை ஒதுங்கினது ஆறு உடம்பு. நீங்க கொடுத்த லிஸ்ட்லயும் அதே ஆறு பேரு. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. எப்படிண்ணே?

நாகலிங்கம்: விதி.

காதர்: லிஸ்ட் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது, போட் முழுகின மூணாம் நாள்.

நாகலிங்கம்: நெட் இல்ல பாய்! அந்தக் காத்துக்கு ரெண்டு நாள் ஊரே செத்துக் கிடந்துச்சே, மறந்துட்டியா? போட் கிளம்பும்போது இதுல பேரை அடிச்சு வச்சுக்குவேன், நெட் வந்ததும் அனுப்புவேன். எட்டு வருஷமா அப்படித்தான்.

காதர்: அடிச்சது போட் கிளம்பும்போது. அனுப்பினது உடம்பு கிடைச்சதுக்கப்புறம்.

நாகலிங்கம்: என்ன சொல்ல வர்றே?

காதர்: நான் என்னத்தைச் சொல்ல? லிஸ்ட் போனதும், ஆறு பேரும் கிடைச்சாச்சுன்னு அன்னிக்கே தேடுறதை நிறுத்திட்டாங்க. வேற எவனாவது பலகையைப் பிடிச்சுக்கிட்டு மிதந்திருந்தா... அவனுக்கு இது தெரியுமா? வருவாங்க, வருவாங்கன்னுதானே பார்த்துட்டிருப்பான்?

நாகலிங்கம்: வாயை மூடு பாய்! எவ்வளவு ஆச்சு? அதைப் பாரு.

காதர்: இப்ப கேக்குது. எல்லாத்தையும் அழிக்கவான்னு. இதை அமுக்கினா கத்தம். அப்புறம் யார் வந்து தோண்டினாலும் கிடைக்காது. அமுக்கட்டுமா?

நாகலிங்கம்: என்னை ஏன் கேக்குறே?

காதர்: உங்க மிஷின். உங்க வாயால சொல்லணும்.

நாகலிங்கம்: ...அமுக்கு.

காதர்: சரி.

நாகலிங்கம்: இரு! இரு பாய்... கையை எடு! எடுய்யா கையை!

காதர்: எடுத்துட்டேன்.

நாகலிங்கம்: ஒம்பது பேர் பாய்.

காதர்: ம்.

நாகலிங்கம்: ஒம்பது. யார் ஏறினாலும் பேரை விட மாட்டேன், அது என் பழக்கம். ஒம்பதையும் அடிச்சேன். ஆறுக்கு மேல வேணாம்னு சொன்னேன், சத்தியமாச் சொன்னேன். "அரே, பக்கத்துத் தீவுதானேடா"ன்னாரு யோகராஜ். மூணாம் நாள் நெட் வந்துச்சு. பக்கத்துலயே நின்னு, "கிடைச்சவன் பேரை மட்டும் வை, மிச்சத்தை எடு"ன்னாரு. எடுத்தேன். வேற ஃபைலாப் போட்டு அனுப்பினேன். பழசை அழிக்க மறந்துட்டேன்... மறந்தேனா, மனசு வரலியா... தெரியல பாய்.

காதர்: மிச்சம் மூணு பேர் யாரு?

நாகலிங்கம்: ரெண்டு பேர் பெங்காலிப் பசங்க. தேடி வர்றதுக்கு இங்க யாரும் இல்ல.

காதர்: இன்னொருத்தன்?

நாகலிங்கம்: கயிறு அவுக்குற நேரத்துல ஓடி வந்தான்... "ஒரு இடம் கொடுங்கண்ணே, இன்னிக்குப் போகலைன்னா வேலை போயிடும்"னு. நான்தான் கையைப் பிடிச்சுத் தூக்கி ஏத்திவிட்டேன். இந்தக் கையால... சமது, பாய். நம்ம சமது.

காதர்: தெரியும்ணே. நேத்து நீங்க படி இறங்கினதுமே திறந்து பார்த்துட்டேன். ஒம்பதாவது பேரு. ரெண்டு லிஸ்டையும் காப்பி எடுத்து இன்னிக்குக் காலையிலயே விசாரணை ஆபீஸ்ல கொடுத்தாச்சு. இதுல எதையும் நான் ஏத்தவும் இல்ல, துடைக்கவும் இல்ல, சும்மாதான் சுத்துது. அவன் பேரு உங்க வாயிலேர்ந்து வருதான்னு பார்க்கத்தான் இவ்வளவு நேரம் உங்களோட விண்டோஸ் பேசிட்டிருந்தேன். அஸ்மா நேத்து சாயங்காலம் அஸர் தொழுகைக்கப்புறம் வெள்ளைச் சேலை கட்டிட்டா.