ஆறாம் எண் புட்டி

காரைக்கால்
ஜூலை 1986

டாக்டர் பங்கஜவல்லி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. டாக்டர்கள் இப்படிப் படிக்கிற மாதிரி எழுதி நான் பார்த்ததில்லை. வேறு எதையும் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் அந்த மனநல இல்லத்தில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் சலோமியின் பழைய தாள்களையெல்லாம் எடுத்துப் படித்திருக்கிறீர்கள். உங்களுக்கு முன் இருந்தவர்கள் அதற்கு மெனக்கெடவில்லை. ஏறக்குறைய பதினோரு வருஷமாக அங்கே இருக்கிறவளுக்கு என்ன நோய் என்று எந்தத் தாளிலும் தெளிவாக இல்லை, உங்கள் கண்ணுக்கும் எதுவும் படவில்லை என்கிறீர்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறாளாம், தைக்கிறாளாம். வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டால் மட்டும் காலைப் பிடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளையைத் தண்ணீரில் போட்டவளை வெளியே விடாதீர்கள் என்று அழுகிறாளாம்.

இது எப்படித் தொடங்கியது, என்ன மருந்து கொடுத்தோம், அன்றைக்கு நடந்ததை யார் பார்த்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அவளுக்கு ஓரகத்தி. அவள் புருஷன் சிலுவைராஜ் என் வீட்டுக்காரரின் தம்பி. அப்போது அந்த வீட்டில் நாள் முழுவதும் அவளோடு இருந்தவள் நான் ஒருத்திதான். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் என்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மருந்தை முதலில் சொல்கிறேன். அது பூ மருந்து. எங்கள் தெருவில் மதாம் ஞானமேரி என்று ஒருவர் இருந்தார். நம் ஊர்க்காரர்தான். கணவரோடு சைகோனிலும் பிறகு பிரான்சிலும் இருந்துவிட்டு, அவர் போன பின் ஊரோடு வந்து சேர்ந்தவர். வரும்போது ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தார். அதற்குள் முப்பத்தெட்டு சின்னப் புட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். பூக்களை ஊற்றுத் தண்ணீரில் மிதக்கவிட்டு வெயிலில் வைத்து, அந்தத் தண்ணீரைப் பிராந்தியில் கலந்து செய்வது. உடம்பு நோவுக்கு இல்லை, மனசுக்கு. கவலைக்கு ஒன்று, பொறாமைக்கு ஒன்று, பழையதையே நினைத்துக் கிடப்பவர்களுக்கு ஒன்று. நாக்கில் நாலு சொட்டு, ஒரு நாளைக்கு நாலு தடவை. மதாமுக்குப் பார்வை மங்கியபோது, பெட்டியோடு வந்த பிரெஞ்சுப் புத்தகத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுவேன். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தது அதற்காவது உதவியது. 1971இல் அவர் இறக்கும்போது பெட்டியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தெருவே என்னிடம் வந்தது. பக்கத்து வீட்டு நபீசாவுக்குச் சிங்கப்பூரிலிருந்து நாலு மாதம் புருஷனின் கடிதம் இல்லை. ஒரு கவளம் சோறு இறங்கவில்லை. சொட்டு கொடுத்தேன், பத்தே நாளில் சாப்பிட ஆரம்பித்தாள். ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பூ வேலை செய்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் புட்டியை எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. அதில் எனக்கு ஒன்று புரிந்தது. உனக்குப் பொறாமையா என்று கேட்டால், எதிரில் இருப்பவள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய்த் தேடுகிறாள். கொஞ்ச நேரத்தில் எதையாவது எடுத்துக்கொண்டு வருகிறாள். வெறுங்கையோடு திரும்பியவர்களை நான் பார்த்ததில்லை.

சலோமி 1974 மே மாதம் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். பத்தொன்பது வயது. தாய் இல்லை. தகப்பன் திருவேட்டக்குடியில் வேறு கல்யாணம் செய்துகொண்டு இவளை மறந்துவிட்டிருந்தார். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். சிலுவைராஜ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். லீவில் வந்து கட்டிக்கொண்டு மூன்று மாதத்தில் திரும்பிவிட்டான். அடுத்த பிப்ரவரியில் செசிலி பிறந்தாள்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். என் பிள்ளை என்று ஒன்றும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் செசிலியை முதலில் கையில் வாங்கியவள் நான். கோவிலில் ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாயாக நின்றவளும் நான். இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று சாமியார் முன்னால் சொன்னேன். சொன்ன சொல்லை நான் லேசாக எடுத்துக்கொள்கிறவள் அல்ல. சலோமி பால் கொடுப்பாள், மற்றதெல்லாம் நான்தான். என் குரல் கேட்டால்தான் பிள்ளை அழுகையை நிறுத்தும்.

ஜூலையில் சிலுவைராஜ் கடிதம் எழுதினான். காகிதங்கள் எல்லாம் தயாராகின்றன, கிறிஸ்துமஸுக்குள் சலோமியும் பிள்ளையும் பிரான்சுக்கு வந்துவிடலாம் என்று. என் வீட்டுக்காரர் செல்வநாதன் அதைச் சத்தமாகப் படித்தார். சலோமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தூளியும் துணியும் பால் வாசனையும் எல்லாம் ஒரே நாளில் வீட்டைவிட்டுப் போகும், மறுநாள் காலையில் நான் எழுந்து என்ன செய்வேன் என்றுதான் நினைத்தேன். இரண்டு வருஷம் பிள்ளையை இங்கே விட்டுவைக்கலாமே என்று மைத்துனனுக்கு எழுதிப் பார்த்தேன். பிள்ளை தாயோடுதான் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தான்.

ஆகஸ்டில் செசிலிக்குப் பல் முளைக்கத் தொடங்கியது. ஒரு வாரம் யாருக்கும் தூக்கமில்லை. ஒருநாள் காலையில் சலோமி கண்ணைக் கசக்கிக்கொண்டே, "சில நேரம் இதைத் தூக்கி எங்கேயாவது போட்டுடலாமான்னு இருக்குதுக்கா" என்றாள். எல்லாத் தாயும் சொல்வதுதான். எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் நான் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு அவளை எதிரில் உட்காரச் சொன்னேன். தூக்கிப் போட வேண்டும் என்று தோன்றும்போது கை பரபரக்கிறதா என்று கேட்டேன். வாய்க்கு வந்ததைச் சொன்னதாகச் சொல்லிச் சிரித்தாள்.

"சரி. கிணத்துப் பக்கம் புள்ளையோட போறப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். இரண்டு நாள் கழித்து அவளாகவே அடுப்படிக்கு வந்தாள்.

"நீங்க கேட்டதுலேருந்து கிணத்தைப் பார்த்தாலே ஒரு மாதிரி வருதுக்கா. இதுக்கு மருந்து இருக்குதாக்கா?"

இருந்தது. ஆறாம் எண். புத்தி நம் பிடியைவிட்டுப் போய்விடுமோ, செய்யக்கூடாததைச் செய்துவிடுவோமோ என்று பயப்படுகிறவர்களுக்கானது. புத்தகத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் அவளுக்குச் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. உண்மையில் அந்தப் புட்டி என்னிடம் வரும்போதே காலி. வெறும் பிராந்தி ஊற்றி வைத்திருந்தேன். காரைக்காலில் அதற்குப் பஞ்சமில்லை. அதற்காகவே எல்லை தாண்டி பஸ்ஸில் வருகிறவர்கள் உண்டு. நீங்கள் விஷம் ஏதாவது இருந்ததா என்று யோசிக்கலாம். அரளி, ஊமத்தை எதையும் நான் தொட்டதே இல்லை.

தினமும் சொட்டு கொடுக்கும்போது, இன்றைக்கு எப்படி இருந்தது என்று விசாரிப்பேன். மருந்து கொடுக்கிறவள் விசாரிக்க வேண்டும். செப்டம்பரில் அவள் பிள்ளையைக் குளிப்பாட்டுவதை நிறுத்தினாள். பிறகு தனியாகத் தூக்குவதையும் நிறுத்தினாள். பால் கொடுக்கும்போது என்னைப் பக்கத்தில் இருக்கச் சொல்வாள். தூக்கம் வரவில்லை என்றதால் சொட்டை ஸ்பூனாக்கினேன். அதில் தூங்கினாள். அவள் இளைத்துப்போனதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவளுக்குப் பிடித்த இறால் வறுவல் செய்து ஊட்டிவிட்டிருக்கிறேன்.

அக்டோபரில், பிரான்சுக்குப் போகிற காகிதங்களில் கையெழுத்துப் போடப் புதுச்சேரிக்கு வரச் சொல்லித் தேதி வந்தது. அன்று சலோமி பல நாளைக்குப் பிறகு தெளிவாகப் பேசினாள். அங்கே போய் அவர் பக்கத்தில் இருந்தால் இந்தப் பயமெல்லாம் போய்விடும் என்று நினைக்கிறேன் அக்கா என்றாள். நல்ல யோசனைதான். நானே டாக்டராக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்தத் தேதிக்கு ஐந்து நாள் முன்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் பிள்ளையோடு உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். செல்வநாதன் அலுவலகத்தில் இருந்தார். மூன்று மணி இருக்கும். நான் சொட்டச் சொட்ட நனைந்த பிள்ளையோடு அறைக்குள் போய் அவளை உலுக்கி எழுப்பினேன். செசிலிக்கு அழுகைகூட வரவில்லை. இருமிக்கொண்டே இருந்தாள், உதடு நீலமாக இருந்தது. என் சத்தம் கேட்டு நபீசா ஓடிவந்து பிள்ளையைக் குப்புறப் பிடித்து முதுகைத் தட்டினாள். சலோமியின் சேலை முழங்காலுக்குக் கீழே ஈரமாக இருந்தது. கையும் ஈரம்.

"நீ எப்ப எழுந்து போனே சலோமி? உனக்கு ஒண்ணும் நினைவில்லையா?" என்று கேட்டேன்.

அவள் தன் சேலையைப் பார்த்தாள். பிறகு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நானாக்கா?" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலேம்மா" என்றேன்.

அது சத்தியம். நீதான் செய்தாய் என்று அன்றும் நான் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நபீசாதான் தெருவில் சொன்னாள்.

தந்தி கிடைத்துச் சிலுவைராஜ் வருவதற்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதுவரை சலோமி பிள்ளை இருக்கிற அறைக்கு வரவில்லை. பால் கட்டி, காய்ச்சல் கண்டு, துணியால் மாரை இறுக்கிக்கொண்டு கொல்லைப்புறத்துச் சார்ப்பில் படுத்திருந்தாள். என்னை எங்கேயாவது கொண்டுபோய் விடுங்கள் என்று அவளே கேட்டாள். அவன்தான் அவளை உங்கள் இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்தான். புறப்படும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா எம் புள்ளை இல்லே அண்ணி" என்றான். பிள்ளையை என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. யாரும் பார்க்கவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் செய்தேன். அன்று சலோமிக்கு ஸ்பூன் இல்லை, அரை டம்ளர் கொடுத்தேன். பிள்ளையைத் தூக்கிப்போய்க் கிணற்றடிச் சிமெண்ட் தொட்டியில் உட்காரவைத்தேன். தண்ணீர் மார் அளவுதான். என் கை முதுகுக்கு அடியிலேயே இருந்தது. நனைந்தால் மட்டும் போதாது, மூச்சு முட்டியிருந்தால்தான் தாய் நம்புவாள் என்பதால் முகத்தை முக்கினேன். மங்கள வார்த்தை ஜெபத்தில் பாதி சொல்கிற நேரம். மனசுக்குள் சொல்லித்தான் கணக்கு வைத்தேன், அதிகமாகிவிடக் கூடாதே என்று. பிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரைச் சலோமியின் சேலையிலும் கையிலும் ஊற்றினேன். அவள் அசையவில்லை.

இந்தக் கடிதத்தை நீங்கள் அவளிடம் காட்டலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவள் நம்பமாட்டாள். தன்னை வெளியே கொண்டுவர அக்கா பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்றுதான் சொல்வாள். அவளுக்கு என்மேல் அவ்வளவு பிரியம்.

செசிலி நன்றாக இருக்கிறாள். வகுப்பில் முதல் மாணவி. என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். நான் செய்தது பிள்ளைக்கு நல்லதாகத்தான் முடிந்திருக்கிறது. ஒரே ஒரு குறை, தண்ணீரைக் கண்டால் பயம். கிணற்றடிக்கு வரமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கடற்கரைக்குப் போகும்போது இவள் வீட்டிலேயே இருப்பாள். பஸ் அரசலாற்றுப் பாலத்தில் ஏறினால் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

பெட்டியில் ஆறாம் எண் போக, பயத்துக்கு இன்னும் இரண்டு புட்டிகள் இருக்கின்றன. காரணம் தெரிந்த பயத்துக்கு ஒன்று, காரணமே தெரியாமல் வருகிற பயத்துக்கு ஒன்று. ஏன் பயம் என்று கேட்டால் தெரியவில்லை அம்மா என்கிறாள். அப்படியானால் இரண்டாவதைத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் மூன்று வருஷமாக நான் முதல் புட்டியைத்தான் கொடுத்துவருகிறேன், நாலு வேளையும் தவறாமல். குணம் தெரியவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் படித்தவர், உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
செசிலியின் தாய்
இருதயமேரி