முதுகு காட்டும் பூனை

அமெரிக்காவில், பிரின்ஸ்டன் ஜங்ஷனில் நான் ஏறிய காலை ரயிலில், எனக்கு முன் சீட்டில் ஆபீஸ் பையோடு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

"என் பூனைக்குக்கூட என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"ஏண்ணா?" என்றார் இளையவர்.

"டிவோர்ஸ் ஆனதும் அவ விட்டுட்டுப் போன பூனை. நான் சோஃபாவுல உட்கார்ந்தா பக்கத்துல வந்து, முதுகைக் காட்டிட்டு உட்காரும். அவளும் கடைசி வருஷம் அப்படித்தான் இருந்தா. போன சனிக்கிழமை, வேண்டாத பூனை, நாயை எடுத்துக்கற ஷெல்டர்ல விட்டுடலாம்னு டிரைவ் பண்ணிப் போனேன்."

"விட்டுட்டீங்களா?"

"ஃபார்ம்ல காரணம் கேட்டிருந்தாங்க. முதுகு காட்டுதுன்னு எழுதினேன். கவுன்டர்ல இருந்த பொண்ணு படிச்சுட்டுச் சிரிக்கல. 'பயமா இருந்தா பூனை உங்க மேலேர்ந்து கண்ணை எடுக்காது. நம்புறதாலதான் முதுகைக் காட்டுது'ன்னா. ஃபார்மைத் திருப்பி வாங்கிக் கிழிச்சுட்டு, கூண்டோட வீட்டுக்கு வந்துட்டேன்."

"இப்ப எப்படி இருக்கு?"

"அப்படியேதான் உட்காருது. நானும் அசையாம உட்கார்ந்துடறேன். ஃபோன் அடிச்சாக்கூட எழுந்திருக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கேன்."

"யாராவது முக்கியமா கூப்பிட்டா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதுவரைக்கும் அடிக்கல."