போகாதே என்று நான் தடுத்த பயணம்

ஷெல் கூவிக்கொண்டு வருகிறது. கூவல் நின்றால் தலைக்கு மேல் வந்துவிட்டது என்று அர்த்தம். நிற்கிறது.

"படுங்கோ! குப்புறப் படுங்கோ!"

வன்னிக் கடற்கரை. மாசி மாதம். விடிந்து கொஞ்ச நேரம். பதுங்கு குழிக்குள் நான். வெளியே என் மகன் சீலன். ஒன்பது வயது. தண்ணீர் எடுக்கப் போனவன். எழுந்து பார்த்தேன். குடம் உடையாமல் கிடந்தது. அவன் உயிரோடு இல்லை. மணலைக் கையால் தோண்டி அங்கேயே மூடினோம். பால் ஊற்றவில்லை. பாலுக்கு எங்கே போவது? அடுத்த ஷெல் கூவியது. ஓடினோம்.

இப்போது கும்மிடிப்பூண்டி அகதி முகாம். இங்கே கூவுவது கம்பெனிச் சங்கு. அதற்கும் குனிகிறேன்.

"இன்னாக்கா, ஷிப்டு மாறுது. அதுக்குப் போயி படுத்துக்கினியா?"

எதிர்த் தெருக் கன்னியம்மாவுக்குச் சிரிப்பு. இந்த ஊர்க்காரி. அவள் இறால் குழம்புக்கு முகாமே அடிமை. மாங்காய் போடுவாள். அதுவும் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும்போதுதான். ஆடி அமாவாசைக்கு என்னோடு பழவேற்காட்டுக் கடலுக்கு வருவாள். நான் கொண்டுபோன பாலை ஊற்றாமலே திரும்புவேன். அவன் கிடக்கும் மணலில்தான் ஊற்ற வேண்டும். அகதி அங்கே போனால் திரும்பி வர வழியில்லை.

இந்த ஆனியில் கன்னியம்மாவை அவள் மகன் இலங்கை டூருக்கு அனுப்பப் பார்த்தான். குழாயடியில் வைத்துக் கத்தினேன்.

"எங்கட பிணத்துக்கு மேல நிண்டு படம் எடுக்கப் போறியோ? நீ குடுக்கிற காசு அவங்கட ஆமிக்காரன்ர துவக்குக் குண்டுக்குத்தான் போகும்!"

அவள் வாயைத் திறந்தாள். நான் விடவில்லை. பெண்கள் எல்லாரும் என் பக்கம். எனக்கு ஒரே சந்தோஷம். ஓடி ஓடியே வந்தவள், முதல் தடவை ஒருத்தியை ஓட வைத்தேன்.

அவள் போகவில்லை. ஆடி அமாவாசைக்கு வழக்கம்போல் துணைக்கு வந்தாள். கரையில் வைத்துத்தான் சொன்னாள்.

"டூருக்காரனாண்ட கேட்டு வெச்சிருந்தேன்கா. அந்தக் கடலாண்ட இட்டுகினு போறேன்னான். சீலனுக்குப் பாலு ஊத்தி, கற்பூரம் கொளுத்திட்டு வரலாம்னு இருந்தேன்."

"ஏன் சொல்லேல்ல?"

"நீ எங்க என்னப் பேச உட்ட?"

காசு எங்கே போகும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. போகாதே என்று இன்றும் சொல்வேன். ஆனால் அன்று நான் சீலனுக்காகக் கத்தவில்லை. பெண்கள் பார்க்கிறார்கள் என்று கத்தினேன். சொல்ல வாய் கூசுகிறது.

இழந்த கணக்கு. கணவர். மாமியார். வீடு. இரண்டு ஆடுகள். சீலன். இவை ஷெல் எடுத்தவை. சீலனுக்குக் கிடைக்க இருந்த பால். அதை எடுத்தது நான்.